நாலாவதாக வந்தவனுக்கு

எய்யா,

இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பினால் நீ படிக்க மாட்டாய். பதினோரு நாளாக நான் அனுப்புகிற எதையும் நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் நம் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். நானூறு பேர் இருக்கிற குழு. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்க நிற்கிறவர் முதல் அலிப்பூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போடுகிறவர் வரை எல்லோரும் படிப்பார்கள். அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் இதை உனக்கு அனுப்பிவிட்டு, “உங்கம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்று புனேவுக்குப் போன் போடுவார். அப்போது நீ படித்துத்தான் ஆகவேண்டும். வங்காளம் என்றால் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதே. மெதுவாகப் படித்தால் பாதியில் கோபித்துக்கொண்டு மூடிவைக்க மாட்டாய்.

குழுவில் உள்ளவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் மகன் துடுப்புப் படகுக்காரன். பத்து வயதில் நம் வீட்டுப் பக்கத்து லேக்கில் படகு பார்க்கப் போனவன் திரும்பவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். போன மாதம் அண்டை நாடுகளெல்லாம் கூடிய விளையாட்டுப் போட்டியில் நம் தேசத்துக்காக இரட்டையர் படகில் இறங்கினான். நாலாவதாக வந்தான். வந்த பிறகு வீட்டுக்கு வரவில்லை. நேரே பயிற்சி எடுக்கிற புனே ஹாஸ்டலுக்குப் போய் அறையைச் சாத்திக்கொண்டு, “படகு போதும்மா. ஞாயித்துக்கிழமை ட்ரையலுக்கு வரல” என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினான். அடுத்த தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற ட்ரையல், அதுவும் நம் லேக்கிலேயே. அந்த ஒரு வரிக்குத்தான் இது பதில்.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் அன்று காலை நம் ஃபிளாட்டில் நிற்க இடமில்லை. ஃபிளாட் சொசைட்டி செக்ரட்டரி முகர்ஜி தா, நமக்கெல்லாம் அண்ணன் மாதிரி, ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு எட்டரைக்கே வந்து சோபாவைப் பிடித்துக்கொண்டார். உங்கப்பா, துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் பார்த்தவர், லேப்டாப்பை டிவியில் இணைக்கத் தெரியாமல் வேர்த்துப்போனார். ஆயிரத்தைந்நூறு மீட்டர் வரை நீங்கள் இரண்டாவதாக வந்தீர்கள். வீடே குதித்தது. பிறகு கடைசி ஐந்நூறு மீட்டர். உன் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு படகு தாண்டியது, இன்னொன்றும் தாண்டியது. முகர்ஜி தா சந்தேஷ் பெட்டியை மெதுவாக மூடினார், அதையும் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நீ போன் செய்தாய். எல்லோரும் இருக்கிறார்களே என்று ஸ்பீக்கரில் போட்டேன். பெருமைக்காரி அல்லவா, தோற்றாலும் என் பிள்ளை குரலை ஊர் கேட்கட்டும் என்று. அப்புறம் நான் கேட்டேன் பார்: “ஏன்யா, கடைசியில விட்டுட்ட?” பத்துப் பேர் முன்னால், பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? “முடியலம்மா” என்றாய். வைத்துவிட்டாய். சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று கேட்டிருக்க வேண்டிய வாய் அது. அந்தக் கேள்விக்காக நானூறு பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பத்துப் பேர் முன்னால் கேட்டதற்கு இதுதான் கணக்கு.

அடுத்த நாள் முகர்ஜி தா வந்தார். உனக்காக சம்வர்தனா வைத்திருந்தார்களே, அந்தப் பாராட்டு விழா, அது இப்போதைக்கு வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். “போரேர் பார் ஹோபே, பௌதி”, அடுத்த தடவை நடக்கும் அண்ணி என்று என் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான். காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். ஆனால் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. “பேனர் அடிச்சாச்சு இல்ல, அதைக் குடுங்க” என்றேன். உன் படம் போட்டு, எட்டடி நீளத்தில், வாசல் கேட்டுக்கென்று அடித்த பேனர். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். நான் அதை நம் மூன்றாம் மாடி பால்கனியில் கட்டிவிட்டேன். உங்கப்பா கீழே நின்று, “இதெல்லாம் எதுக்குட்டி? பாக்கறவங்க சிரிப்பாங்க” என்றார். “சிரிக்கட்டும், கயிறை இழுத்துப் பிடிங்க” என்றேன். கட்டடத்தின் முன்பக்கம் எதுவும் தொங்கவிடக் கூடாது என்று சொசைட்டி விதி இருக்கிறதாம், நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸையும் மடித்து வைத்திருக்கிறேன். பேனர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பேப்பரில் வந்த பதக்கப் பட்டியலை நீயும் பார்த்திருப்பாய். நம் தேசத்துக்கு நேராகத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று கட்டம். நாலாம் இடத்துக்குக் கட்டமே கிடையாது. கபடிப் பெண்கள் வென்றதற்கு நானும் கைதட்டினேன், ஓட்டக்காரப் பையன் கொடியைப் போர்த்திக்கொண்டு அழுதபோது நானும் அழுதேன். யாருடைய சந்தோஷத்திலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படகோட்ட சங்கத்தின் அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள்: கடைசிக் கட்டத்தில் மனவுறுதி போதவில்லை என்று. மனவுறுதி! ஏசி அறையில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டு யாரோ ஒருவர் எழுதிய வார்த்தை. அந்த வார்த்தையை நீயும் நம்பிவிட்டாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அல்லது நம்பவில்லை, நம்புவதுபோல் நடித்தாய். இது எனக்குப் போன செவ்வாய்க்கிழமை தெரிந்தது. மத்தியானம் காலிங்பெல் அடித்தது. ரஞ்சித் நின்றிருந்தான். குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், ரஞ்சித் என் மகனோடு அந்தப் படகில் உட்கார்ந்த மற்றவன். மணிப்பூர்ப் பிள்ளை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க ஆபீசில் சேர்ந்து இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. ட்ரையலுக்காக ஐந்து நாள் முன்னாலேயே வந்திருந்தான். அவன் சொன்னதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

இலை போடாத குறையாக எல்லாம் வைத்தேன். வத்தக்குழம்பு, கத்தரிக்காய்க் கறி, அப்பளம். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொடவில்லை. அப்புறம் ஹிந்தியில் மெதுவாக ஆரம்பித்தான். “ஆன்ட்டி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவன் சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரியும்.”

உங்கள் பிரிவில் எடைக்கணக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். போட்டிக்கு முன்னால் இரண்டு பேரையும் நிறுப்பார்கள். இரண்டு பேர் எடையையும் சேர்த்துப் பாதியாக்கினால் எழுபது கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருவன் கூடினால் இன்னொருவன் குறைய வேண்டும். ஃபைனலுக்கு முந்தின நாள் ரஞ்சித்துக்குக் கால் தசை இழுத்துக்கொண்டது. மூன்று வாரமாக அரை வயிற்றுச் சாப்பாடு. அன்று சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போனவன் சோற்றைப் பார்த்தான். சாப்பிட்டான். இன்னொரு தட்டு வாங்கினான், அப்புறம் இன்னொன்று, லிட்டர் கணக்கில் தண்ணீர். “பசிச்சுது ஆன்ட்டி. வேற காரணமே இல்ல. பசிச்சுது” என்றான். விடியற்காலை நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ அதிகம். காலை ஊன்றி ஓட அவனால் முடியவில்லை. நீ எதுவும் சொல்லவில்லையாம். இரண்டு மழைக்கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடினாயாம். ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல். அவன் தின்ற சோற்றை உன் உடம்பிலிருந்து வேர்வையாக இறக்கினாய். எடை சரியாக வந்தது. அந்த உடம்போடு நீ படகில் ஏறி ஆயிரத்தைந்நூறு மீட்டர் இரண்டாவதாக வந்தாய். கடைசி ஐந்நூறில் கை ஓடவில்லை. அதற்குப் பேர்தான் மனவுறுதி இல்லாமை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பையனுக்காகவா என் பிள்ளை காய்ந்து போனான் என்று. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். உங்கப்பா பின்னாலேயே வந்து, “அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதான்” என்றார், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷமாக யார் வந்தாலும் முதலில் சாப்பிடு என்று சொல்லியே வாழ்ந்தவள் நான். பசித்துச் சாப்பிட்டான் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிக் கோபித்துக்கொள்வேன்? திரும்பி வந்து, அவன் தட்டிலிருந்த சோற்றை நானே பிசைந்து, “சாப்பிடுப்பா, நான் பார்க்கறேன்” என்றேன். அழுதுகொண்டே சாப்பிட்டான். படகோட்ட சங்கத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவன் உன்னிடம் சொன்னானாம். சொன்னால் வேலை நிரந்தரமாகாது, வாயைத் திறக்காதே என்று நீ சத்தியம் வாங்கிக்கொண்டாயாம்.

எங்கே கற்றுக்கொண்டாய் இதை என்று நான் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். இதுவரை நாம் இருவரும் பேசாத ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். உங்கப்பாவுக்கும் தெரியாது, அவரும் இங்கேதான் படிப்பார்.

உனக்குப் பத்தொன்பது வயது. மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம். காலையிலும் மாலையிலும் நம் வீட்டு எடை மெஷின்மேல் ஏறி நின்று முகத்தைச் சுளிப்பாய். ஒரு இட்லியைப் பாதியாகப் பிட்டு மிச்சத்தை நகர்த்துவாய். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடிப்பாய். அந்த மெஷினுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கு. நீ குளிக்கப் போயிருந்தபோது அதை ஒரு கிலோ பின்னால் திருப்பிவிட்டேன். வெளியே வந்து ஏறினாய். எடை குறைந்திருந்தது. சிரித்தாய். எத்தனையோ நாள் கழித்து அன்று உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாய், ரசம் கூட இரண்டாம் தடவை வாங்கினாய். அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டாய். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததில்லை. போட்டிக்கும் உனக்கும் நடுவில் நான் கைவைத்திருக்கிறேன் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. ஒரு கிலோதானே என்று நினைத்தேன். ஒரு வங்கியில் இருபத்தாறு வருஷம் ஆபீசராக இருந்தவள் நினைத்த நினைப்பு அது.

போட்டியன்று உன்னை நிறுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படகில் ஏறவே விடவில்லை. வீட்டுக்கு வந்தாய். நேரே போய் மெஷினை எடுத்துக் கவிழ்த்தாய். சக்கரத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. நீ சக்கரத்தைச் சரியாகத் திருப்பி, மெஷினைப் பழைய இடத்தில் வைத்தாய். கோச் வீட்டுக்கு வந்து கத்தினபோது, “நான்தான் சார் கவனிக்கல” என்றாய். நான் பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் உனக்குப் போயிற்று. பழி உன்மேல் போயிற்று. அடுத்தவர் தப்பைச் சத்தம் போடாமல் தலையில் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நான்தான் உனக்கு ஊட்டிவிட்டேன்.

இப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. மாடி இறங்கினால் முழங்கால் கத்துகிறது. இனிமேல் யாருக்குப் பயந்து எதை மூடிவைக்கப் போகிறேன்? அதனால் புத்தி சொல்கிற உரிமையை ஒரே ஒரு தடவை எடுத்துக்கொள்கிறேன். ஒருவனைக் காப்பாற்றுவது நல்லதுதான். ஆனால் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நீ அழிந்துபோனால், அவன் வாழ்நாள் முழுக்க அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். நான் எட்டு வருஷமாகச் சுமக்கிறேன், எனக்குத் தெரியும் அதன் கனம். ஒவ்வொரு தடவை உனக்குச் சோறு போடும்போதும் அந்தச் சக்கரம் என் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. நீ அன்றைக்கே என்னைப் பார்த்து, “ஏம்மா இப்படிப் பண்ணின?” என்று கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். உன் பெருந்தன்மை எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. ரஞ்சித்துக்கும் அதையே கொடுக்காதே.

நாலாம் இடத்துக்காக வெட்கப்படாதே. பதக்கம் வாங்கியவர்களின் அம்மாக்கள் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும், அன்று அந்தத் தண்ணீரில் உன்னைவிடப் பெரிய காரியம் செய்தவன் எவனும் இல்லை. இதை நான் எந்தக் கமிட்டி முன்னாலும் சொல்வேன். முகர்ஜி தாவிடம் சொல்லியும் விட்டேன், வங்காளத்தில், படிக்கட்டில் நிற்கவைத்து, முழுக் கதையையும். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்வர்தனாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். “இப்ப எங்களுக்கு வேண்டாம் முகர்ஜி தா” என்றேன். வேண்டும்போது நானே கேட்பேன்.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். ரஞ்சித் உன் சத்தியத்தை மீறிவிட்டான். புதன்கிழமை காலை நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினான். மூன்று தடவை கிழித்துப்போட்டு நாலாம் தடவை முடித்தான். நான் தடுக்கவில்லை. வேலை போகலாம் என்று மட்டும் ஞாபகப்படுத்தினேன். “போனா போகட்டும் ஆன்ட்டி. அவன் பேரு அப்படி இருக்கக் கூடாது” என்றான். உங்கப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய் படகோட்ட சங்கத்து ஆபீசில் நேரில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் வைத்து வாங்கிவந்தார். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அந்த வரியை அழிக்கலாம், அழிக்காமலும் போகலாம். எனக்கு அவர்களிடம் எதிர்பார்ப்பு இல்லை.

அன்றே அவன் இன்னொன்றும் செய்தான். ட்ரையலுக்கு வேறு ஆளோடு இறங்கச் சொல்லி அவனிடம் கேட்டிருக்கிறார்கள், நல்ல ஆள், ஹரியானாக்காரன். முடியாது என்றுவிட்டான். இரட்டையர் படகுக்கு அவன் பெயரையும் உன் பெயரையும்தான் கொடுத்திருக்கிறான். நீ வரவில்லையென்றால் அவனும் தண்ணீரில் இறங்க முடியாது. இப்போது உன் அறையில்தான் தங்கியிருக்கிறான். நான் அளந்துதான் போடுகிறேன், நீ பயப்படாதே.

என்மேல் கோபமென்றால் கோபத்தோடு வா. என்னோடு பேசாதே, வீட்டுக்கு வராதே, நேரே லேக்குக்குப் போ. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரஞ்சித் ஷெட்டிலிருந்து படகை எடுக்க நிற்பான். அதைத் தண்ணீருக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் நீ நிற்கவில்லையென்றால் நான் நிற்பேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்த முழங்காலோடு, அந்தப் படகை என் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடப்பேன். நம் லேக் கார்டன்ஸ் ஏரியா முழுக்க நின்று பார்க்கட்டும்.

அம்மா